பழைய மிதி மெஷினா, மோட்டாரா, புது எலக்ட்ரிக்கா? புடவைப் போர்வை தைக்கப் போகிறவர்களுக்கு

போன மாதம் திருத்துறைப்பூண்டியிலிருந்து என் நாத்தனார் மகள் போன் செய்தாள். "அத்தை, மாமியார் வீட்டுத் தாழ்வாரத்துல ஒரு சிங்கர் கிடக்கு. பழைய இரும்புக்குப் போட்டுடலாம்கிறார் இவர். எனக்கு இருக்கிற பழம்புடவையெல்லாம் சேர்த்துப் போர்வை தைக்கணும்னு ஆசை. இதையே சரி பண்ணவா, மோட்டார் போடவா, இல்ல புதுசா ஒண்ணு வாங்கவா?" அதே வாரத்தில் இன்னும் இரண்டு பேர் இதே கேள்வியோடு வந்தார்கள். மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்றுதான் இது.

ஆரம்பத்திலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கில்ட், அதாவது துண்டுத் துணிகளைச் சேர்த்து அடுக்கடுக்காக வைத்துத் தைக்கும் போர்வை, அதைப் பற்றிக் கிடைக்கும் யோசனைகளில் பாதி, பனி கொட்டுகிற ஊர்க்காரர்கள் தங்களுக்காக எழுதிக்கொண்டது. நடுவில் தடியான பஞ்சுப் படலம், அதைக் குத்தி இறக்க பலமான மெஷின், சுருட்டி நுழைக்க மெஷினில் அகலமான இடைவெளி என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். நமக்கு எதற்கு அது? மார்கழிப் பனிக்கே ஃபேனை இரண்டில் வைத்துவிட்டுப் போர்த்திக்கொள்கிற ஆட்கள் நாம். நம் வீட்டுப் போர்வைக்கு நடுவில் இரண்டு பழைய வேட்டி போதும். இலவம்பஞ்சை உள்ளே வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: வேண்டாம். தலையணைக்கு அது சரி, போர்வையில் இரண்டு துவைப்பில் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். இந்த "நடுவில் வேட்டி" என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மெஷின் கணக்கே மாறிப்போகிறது. தடிமன் குறைந்ததும் பழைய மெஷினுக்கு இருப்பதாகச் சொல்லப்படும் பாதிக் குறைகள் காணாமல் போகின்றன.

## எவ்வளவு தையல் என்று முதலில் பார்ப்போம்

ஒரு ஒற்றைக் கட்டில் போர்வை, ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டேகால் மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடித்துணிக்கு ஒரு ஆறு கஜப் புடவை. அதை இரண்டேகால் மீட்டர் வீதம் இரண்டாக வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்தால் அகலம் போதும், மிச்சத்தில் ஓரப் பட்டியும் வந்துவிடும். நடு அடுக்குக்கு ஒரு எட்டு முழ வேட்டியை இரண்டாக வெட்டிச் சேர்த்தால் ஒரு அடுக்கு. இரண்டு அடுக்குக்கு இரண்டு வேட்டி. மேல்துணிதான் வேலை: 15 செ.மீ. சதுரத் துண்டு என்றால் குறுக்கே 10, நெடுக்கே 15, ஆக 150 துண்டு.

இந்த 150 துண்டைச் சேர்க்க நாற்பது மீட்டர் சொச்சம் தையல். அப்புறம் எல்லா அடுக்கையும் சேர்த்து 5 செ.மீ.க்கு ஒரு கோடாக நெடுக்கே ஓட்டினால் இன்னொரு அறுபத்தைந்து, எழுபது மீட்டர். ஓரப் பட்டிக்கு ஏழரை மீட்டர். மொத்தம் 115 மீட்டர் வாக்கில். மிதி மெஷினில் ஒரு மிதிக்கு நாலைந்து தையல் விழும். தையல் நீளம் இரண்டரை மில்லிமீட்டர் என்று வைத்தால் ஒரு போர்வைக்கு ஒன்பதாயிரம் மிதிக்கு மேல். முட்டி வலி உள்ளவர்கள் இந்த எண்ணை இன்னொரு தரம் படித்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

நேர்த்தையல் எவ்வளவு ஒழுங்காக விழுகிறது என்பது முதல். பார்க்கச் சின்ன விஷயம்தான். ஆனால் ஒரு மூட்டில் ஒரு மில்லிமீட்டர் தப்பினால் இரண்டு துண்டிலும் சேர்த்து இரண்டு மில்லிமீட்டர் போகிறது. பத்துத் துண்டு வரிசையில் ஒன்பது மூட்டு. வரிசை முடியும்போது கிட்டத்தட்ட இரண்டு செ.மீ. காணோம். அடுத்த வரிசை சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் சேராது. அப்போதுதான் பலர் ஆசையைப் பெட்டியில் மடித்து வைத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, நாலு துண்டு சந்திக்கும் முடிச்சை மெஷின் நிதானமாகத் தாண்டுமா என்பது. மூன்றாவது, ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவே உள்ள இடைவெளி. போர்வையின் நடுக்கோட்டைத் தைக்கும்போது பாதிப் போர்வை சுருண்டு அந்தச் சந்துக்குள்தான் இருக்க வேண்டும். நாலாவது, பாபின் (கீழ்நூல் சுற்றும் உருளை), ஊசி, பெல்ட் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கிறதா, கெட்டால் கை வைக்க ஆள் உண்டா. அப்புறம் கரண்ட். அப்புறம் உங்கள் முட்டி, இடுப்பு, கண். பணத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது: கடையில் சொல்கிற விலை ஒன்று, கடைசியில் ஆகிற செலவு வேறு.

## வீட்டில் கிடக்கும் மிதி மெஷின்

முதலில் அது என்ன மெஷின் என்று பாருங்கள். ஊசிக்குக் கீழே இருக்கும் நழுவுத் தகட்டைத் தள்ளித் திறந்தால் இரண்டில் ஒன்று இருக்கும். வட்டப் பாபின், அல்லது படகு மாதிரி நீளமான ஷட்டிலும் அதற்குள் குச்சி போன்ற பாபினும்.

வட்டப் பாபின் என்றால் பெரும்பாலும் கவலை விட்டது. சிங்கரின் 15ஆம் எண் மாடல் வகையும் அதே அச்சில் பிறகு நம் நாட்டில் செய்த கறுப்பு மெஷின்களும்தான் நம் பக்கம் அதிகம். உஷா 1930களில் கல்கத்தாவில் தொடங்கியது. மெரிட் என்ற பெயரே சிங்கரை ஆரம்பித்த ஐசக் மெரிட் சிங்கரின் நடுப்பெயர்தான். மேலே எந்தப் பெயர் போட்டிருந்தாலும், நான் திறந்து பார்த்த மெஷின்களில் பலவற்றுக்கு உள்ளே அதே வட்டப் பாபின், அதே பாபின் கேஸ், இன்றைக்கு எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும் அதே தட்டைப் பக்க ஊசி. அரசு இலவசமாகக் கொடுத்த மெஷின் உறை போட்டபடி மூலையில் நின்றால் அதையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்கக் கிளம்பும் முன் அதன் உறையைக் கழற்றிப் பாருங்கள்.

படகு ஷட்டில் என்றால் நிதானம். மெஷின் அழகாக இருக்கும், தையலும் நன்றாகவே விழும், சிங்கர் என்றால் பெரும்பாலும் ஊசிகூட இன்றைய ஊசியே பொருந்தும். ஆனால் அந்த நீளப் பாபின் நம் ஊர்க் கடையில் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். ஷட்டிலும் நாலைந்து பாபினும் டிராயரில் இருந்தால் தைரியமாகச் சரி செய்யுங்கள். ஷட்டிலே இல்லை என்றால், அது தொலைந்த நகை மாதிரிதான், தேடி வரவழைக்கலாம், அதுவரை மெஷினைக் காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம். (ஜப்பான் கம்பெனி ஜனோமேயின் பெயருக்குப் பாம்பின் கண் என்று அர்த்தமாம். படகு ஷட்டில் காலத்தில் வட்டப் பாபின் புதுசாக வந்தபோது அது பாம்புக் கண் போலத் தெரிந்ததால் வந்த பெயர். வட்டப் பாபின் எவ்வளவு பெரிய மாற்றம் என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.)

சிங்கர் என்றால் வலப்பக்க அடித்தட்டில் ஒரு எண் இருக்கும். எஃப், ஜே, ஒய் என்ற எழுத்திலோ, ஈ-யில் தொடங்கும் இரண்டு எழுத்திலோ அந்த எண் ஆரம்பித்தால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்தது. அந்த ஆலை 1980இல் மூடிவிட்டார்கள். என் பெரியம்மாவின் மெஷின் அங்கே பிறந்ததுதான். மலாயாவிலிருந்து ரஜூலா கப்பலில் வந்து நாகப்பட்டினத்தில் இறங்கியது என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, எண் மட்டும் கிளைட்பேங்க்.

சரி, தைக்க எப்படி? நேர்த்தையலில் இதை அடிக்க ஆளில்லை. காரணம் எளிது: இந்த மெஷின் நேர்த்தையல் மட்டுமே போடும், அதனால் ஊசி இறங்கும் தகட்டில் ஒரு சின்ன வட்ட ஓட்டைதான். ஜிக்ஜாக் மெஷினில் ஊசி இடமும் வலமும் ஆட வேண்டும் என்பதற்காக நீளமான வாய் இருக்கும். நைந்த புடவைத் துண்டின் முனையை அது உள்ளே இழுத்து மென்றுவிடும். பழம்புடவையில் தைக்கிற நமக்கு இது பெரிய வித்தியாசம்.

அடுத்தது அந்த முடிச்சு. நாலு துண்டு சந்திக்கும் இடம், கீழே இரண்டு வேட்டி, அதற்கும் கீழே புடவை. மிதியை நிறுத்தி, வலது கையால் வீலை உங்கள் பக்கமாக உருட்டினால் ஊசி ஒவ்வொரு குத்தாக இறங்குவது கையிலேயே தெரியும். ஒரு குத்து கடினமாக இருக்கும், அடுத்தது இளகும், அப்புறம் காலை மறுபடி வைத்தால் போதும். என் கூறைப் புடவைப் போர்வையில் இப்படி நூற்று இருபத்தாறு முடிச்சு தாண்டியிருக்கிறேன். பட்டும் பருத்தியும் கலந்த அந்தக் கட்டத்தில் ஒரு ஊசிதான் உடைந்தது, அதுவும் நான் மிதியை நிறுத்தாமல் பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசிக்கொண்டிருந்ததால்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. மிதி மெஷினில் தலை மரப்பலகைக்குள் பதிந்து உட்கார்ந்திருக்கும். பலகையும் தையல் தட்டும் ஒரே மட்டம். போர்வை பலகையில் வழுக்கிக்கொண்டு போகும், அதன் பாரம் ஊசியை இழுக்காது. இடைவெளி 15 வகையில் 7 அங்குலம் வாக்கில் இருக்கும், சிங்கர் 66 போன்ற சில பெரிய உடம்புக்காரர்களில் 8 அங்குலத்துக்கு மேலேயே கிடைக்கும். நம் மெல்லிய போர்வை பாதி சுருண்டாலும் இதற்குள் சிரமமில்லாமல் நுழையும்.

இனி மறைந்திருக்கும் செலவு. மெஷின் ஓடவே இல்லையா? பத்தில் எட்டு நேரம் காரணம் தேங்காய் எண்ணெய். மெஷின் எண்ணெய் தீர்ந்த நாளில் யாரோ அடுப்படியிலிருந்து எடுத்து விட்டிருப்பார்கள், அது வருஷக்கணக்கில் பிசினாகி இறுகியிருக்கும். ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் மண்ணெண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, வீலை ஆட்டி ஆட்டி இளக்கி, கறுப்பாக வடிவதைத் துடைத்து, பிறகு மெஷின் எண்ணெய். நெருப்புப் பக்கம் வைக்காதீர்கள். இந்த வேலைக்கு உங்கள் இரண்டு சாயங்காலம் போகும், பணம் அதிகம் போகாது. தோல் பெல்ட் கட்டாயம் புதுசு. ஐப்பசி மழை ஈரத்தில் தோல் தளர்ந்து வீல் வழுக்க ஆரம்பிக்கும். ஒரு அரை அங்குலம் வெட்டிக் கொக்கியை மறுபடி மாட்ட வேண்டும். வேதாரண்யம், நாகை மாதிரி கடற்கரை ஓரத்தில் இருப்பவர்கள் ஊசித்தண்டும், ஃபுட் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) மாட்டும் தண்டும் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மேல் பெயின்ட் போனால் போகட்டும், தண்டு அரித்துப் போயிருந்தால் விட்டுவிடுங்கள்.

குறை இல்லாமலா? பழைய மெஷின் சிலவற்றில் பின்னோக்கித் தைக்க வழியில்லை. கோடு முடிகிற இடத்தில் துணியைத் திருப்பி நாலு தையல் போட வேண்டும். பூ, சுருள், மாங்காய் என்று கைபோன போக்கில் ஓட்ட வேண்டுமென்றால் துணியை நகர்த்தும் பல்லைக் கீழே இறக்க வேண்டும். பல மெஷின்களில் அதற்கு வசதியில்லை, அட்டையை ஒட்டிப் பல்லை மூடித்தான் ஓட்ட முடியும். காலும் பழக வேண்டும். முதல் வாரம் வீல் பின்பக்கமாகச் சுற்றி நூல் சிக்கும். நூல் கோக்காமல் பழைய பேப்பரில் ஓட்டிப் பழகுங்கள்.

கரண்ட் பற்றி ஒரு வரி போதும்: 2018 நவம்பர் 16 கஜா அடித்த பிறகு எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வாரக்கணக்கில் விளக்கில்லை. பகல் வெளிச்சத்தில் தாழ்வாரத்தில் இந்த மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

## அதே மெஷினுக்கு மோட்டார்

ரிப்பேர்க்காரர்கள் எல்லாரும் உடனே சொல்கிற யோசனை இது. தூணின் பின்பக்கம் மோட்டார் மாட்டப் பெரும்பாலும் ஒரு துளை இருக்கும், சின்ன மோட்டாரை அதில் திருகி, ரப்பர் பெல்ட் மாட்டி, காலடியில் ரெகுலேட்டர் வைத்துவிட்டால் முடிந்தது. மோட்டார், ரெகுலேட்டர், கூலி எல்லாம் சேர்த்தே புது மெஷினின் விலையில் ஒரு சின்னப் பங்குதான். பத்தில் ஒரு குதிரைச்சக்தி மோட்டார் 75 வாட் வாக்கில்தான், கரண்ட் பில்லைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை.

நன்மை என்ன என்பது மேலே போட்ட கணக்கில் இருக்கிறது: அந்த ஒன்பதாயிரம் மிதி மிச்சம். நெடுக்கே ஓடும் கோடுகள் சரசரவென்று முடியும். மெஷினின் நல்ல குணங்கள், சின்ன ஓட்டை, ஒரே மட்டப் பலகை, இடைவெளி எல்லாம் அப்படியே இருக்கும்.

ஆனால் நான் மோட்டார் போட்டு ஒன்றரை வருஷம் ஓட்டிவிட்டுக் கழற்றியவள், அதனால் கொஞ்சம் கசப்பாகவே சொல்வேன். இந்தச் சின்ன மோட்டாருக்கு வேகம் பிடிக்கும், நிதானம் பிடிக்காது. முடிச்சு வந்ததும் மெதுவாக அழுத்தினால் "ம்ம்ம்" என்று முனகும், ஊசி இறங்காது, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் பாய்ந்து ஐந்து தையல் தள்ளிப் போய் நிற்கும். முனகிக்கொண்டே விட்டுவைத்தால் சூடேறி வாசனை வரும். வலது கையால் வீலுக்கு ஒரு தள்ளு கொடுத்துக் கிளப்பிவிடுவதுதான் வழி. எனக்கு மாட்டிக் கொடுத்தவர் மோட்டாரைக் கொஞ்சம் கோணலாக மாட்டிவிட்டார். பெல்ட் ஒரு பக்கமாக உரசி உரசி, ஒரு மாதத்தில் கறுப்புத் தூள் வெள்ளை வேட்டியெல்லாம் படிந்தது. துவைத்தும் போகவில்லை. மாட்டிய அன்றே மேலிருந்து பாருங்கள், மோட்டார் உருளையும் வீலும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாக. உடம்பு முழுக்க இரும்பான மெஷின், பெரும்பாலும் எர்த் இல்லாத இரண்டு கம்பி வயர், மழைக்காலத்தில் ஓதம் ஏறிய சிமெண்ட் தரை, வெறுங்கால். இந்த நாலும் சேரக் கூடாது. தரையில் ஒரு பலகையோ ரப்பர் விரிப்போ போடுங்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு தடவை சோதிக்கச் சொல்லுங்கள், எழுந்து போகும்போது பிளக்கைப் பிடுங்குங்கள். பேரன் பேத்தி ரெகுலேட்டரை மிதித்தால் ஊசி ஓடத் தொடங்கிவிடும்.

மோட்டார் போடுவதென்றால் ஸ்டாண்டையும் மிதியையும் விற்றுவிடாதீர்கள். இடம் அடைக்கிறது என்று எல்லாரும் முதலில் செய்கிற தப்பு அது. ஸ்டாண்ட் இருக்கும்வரை கரண்ட் போனால் ரப்பர் பெல்ட்டைக் கழற்றித் தோல் பெல்ட்டை மாட்டிக்கொள்ளலாம்.

## புது எலக்ட்ரிக் மெஷின்

ஜிக்ஜாக், காஜா, நாலைந்து அலங்காரத் தையல் உள்ள அடிப்படை மாடல் பத்தாயிரம் ரூபாயை ஒட்டித் தொடங்கும். தூக்கி அலமாரியில் வைக்கலாம். பழைய இரும்புத் தலை மட்டுமே இதைப்போல இரண்டு மடங்கு கனம். விளக்கு இருக்கிறது, கண்ணுக்கு அது பெரிய உதவி. பின்னோக்கித் தைக்கும். வேகத்தைக் கட்டுப்படுத்துவது மோட்டார் மாட்டிய பழைய மெஷினைவிட நன்றாக இருக்கும். பல் இறக்கும் வசதி உள்ள மாடல் என்றால் மாங்காயும் சுருளும் ஆசைப்பட்டபடி ஓட்டலாம். புடவைக் கரையிலிருந்து யானை, மயில், மொட்டு என்று வெட்டி எடுத்து மேல்துணியில் ஒட்டுத் தையல் போடுகிறவர்களுக்கு ஜிக்ஜாக் இல்லாமல் முடியாது. அவர்கள் இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம், இதைத்தான் வாங்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு மூன்று. முதலாவது மேஜை. இந்த மெஷினின் தையல் தட்டு மேஜை மேல் அரைச் சாண் வாக்கில் எழும்பி நிற்கும். போர்வை இரண்டு பக்கமும் தொங்கும், தொங்கும் பாரம் துணியை இழுக்கும், ஊசி வளையும், தையல் குட்டை நெட்டையாக விழும். என் ஓரகத்தி மெஷினைச் சுற்றிப் பழைய பாடப்புத்தகங்களை அடுக்கி மட்டம் செய்து தைக்கிறாள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் சரியான வேலை. தச்சரிடம் மெஷின் அளவுக்கு வெட்டிய ஒரு பலகை மேஜை செய்துகொண்டால் இன்னும் நல்லது, அந்தச் செலவையும் விலையோடு சேருங்கள்.

இரண்டாவது வாக்கிங் ஃபுட். மேல்துணியும் அடித்துணியும் ஒரே வேகத்தில் நகர உதவும் ஃபுட் இது, பெட்டியோடு வராது. பழைய 15 வகை மெஷினுக்கும் மாட்டலாம். ஆனால் பழைய மெஷினின் ஃபுட் அழுத்தத்தை மேல் திருகை இளக்கிக் குறைத்து, ஒரு சாணுக்கு ஒரு ஊக்கு வீதம் குத்தி, நூலும் ஓட்டிவிட்டுத் தைத்தால், வேட்டி வைத்த போர்வைக்கு அது இல்லாமலேயே சமாளித்துவிடலாம் என்பது என் அனுபவம்.

மூன்றாவது ரிப்பேர். உள்ளே பிளாஸ்டிக் பாகமும், மாடல் உயர உயர எலக்ட்ரானிக் பலகையும் இருக்கும். சந்தைத் தெருவில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் கை வைக்க மாட்டார். கும்பகோணமோ தஞ்சாவூரோ தூக்கிக்கொண்டு போக வேண்டும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வாங்கும் முன் "கெட்டால் எங்கே கொண்டு போகணும்?" என்று கடையில் கேளுங்கள். பதிலுக்கு இழுத்தால் வேறு கடை பாருங்கள். பழம்புடவை பஞ்சாகப் பிசிறு உதிர்க்கும் என்பதால், பாபின் மாற்றும்போதெல்லாம் தகட்டுக்குக் கீழே பிரஷ் போட்டுச் சுத்தம் செய்வது இந்த மெஷினில் இன்னும் முக்கியம்.

கை மெஷினையும் விட்டுவிடக் கூடாது. கையால் சுற்றும் அந்தச் சின்ன மெஷின் துண்டு சேர்க்க அருமை, குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்க அதைவிட நல்லது இல்லை. ஆனால் ஒரு கை சுற்றுவதில் போய்விடும், பெரிய போர்வையை ஒற்றைக் கையால் நகர்த்த முடியாது. தொட்டில் குழந்தை விரிப்புவரை சரி.

## ஒரே பார்வையில்

| | மிதி மெஷின் | மோட்டார் போட்டது | புது எலக்ட்ரிக் |
|---|---|---|---|
| துண்டு சேர்க்கும் நேர்த்தையல் | மிக நன்று | மிக நன்று | நன்று, நைந்த துணியை இழுக்கும் |
| தடித்த முடிச்சு | கையால் உருட்டித் தாண்டலாம் | முனகும், பாயும் | மெல்லிய போர்வைக்குச் சரி |
| நெடுங்கோடு ஓட்டுவது | நேரமாகும் | வேகம் | வேகம், பாரம் தாங்க மேஜை வேண்டும் |
| மாங்காய், சுருள், ஒட்டுப்பூ | சிரமம் | சிரமம் | இதற்குத்தான் இது |
| உதிரி, ஆள் | உள்ளூரிலேயே (வட்டப் பாபின் என்றால்) | உள்ளூரிலேயே | பெரிய ஊர் |
| கரண்ட் போனால் | ஓடும் | ஸ்டாண்ட் இருந்தால் ஓடும் | நின்றுவிடும் |
| உடம்புக்கு | முட்டிக்குச் சிரமம் | பரவாயில்லை | சுலபம் |
| மறைந்த செலவு | பெல்ட், இரண்டு சாயங்காலம் | வயரிங் சோதனை | மேஜை, வாக்கிங் ஃபுட், போக்குவரத்து |

## யாருக்கு எது

வீட்டில் வட்டப் பாபின் மெஷின் இருக்கிறது, முட்டி நன்றாக இருக்கிறது, வருஷத்துக்கு மூன்று நாலு போர்வை, கட்டமும் கோடும் போதும் என்கிறீர்களா? அதையே சரி செய்யுங்கள். கையில் பத்தாயிரம் இருந்தாலும் செலவழிக்காதீர்கள்.

போர்வை தைத்து விற்கப் போகிறீர்கள், மாதத்துக்கு ஐந்தாறு முடிக்க வேண்டும் என்றால் மோட்டார் நியாயம். அப்போதும் துண்டு சேர்ப்பதை மிதியிலும் நெடுங்கோட்டை மோட்டாரிலும் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பெல்ட்டை மாற்றுவது ஒரு நிமிஷ வேலை.

மெஷினே இல்லை, வாடகை வீடு, மாடிப்படியில் இரும்பைத் தூக்க முடியாது, அல்லது முட்டியில் ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் புது எலக்ட்ரிக். "பழசுதான் பலம்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், இரண்டு மாதம் மிதித்துவிட்டு ஓரத்தில் தள்ளிவைத்த மெஷினின் பலம் யாருக்குப் பிரயோஜனம்? பழைய மெஷினை வெளியில் விலைக்கு வாங்க நினைப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: தங்க எழுத்து அழியாமல் பளபளக்கிறது என்பதற்காக விலை ஏற்றிச் சொல்வார்கள். ஊசி, நூல், நாலாக மடித்த வேட்டித் துணி மூன்றையும் கையோடு கொண்டு போய் அங்கேயே தைத்துப் பாருங்கள். ஊசியைக் கழற்றிக் கடையில் காட்டி அதே வகை கிடைக்குமா என்று கேட்டுவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள்.

திருத்துறைப்பூண்டிக்காரி மறுநாள் படம் அனுப்பினாள். நழுவுத் தகட்டுக்குக் கீழே வட்டப் பாபின். டிராயரில் துருப்பிடித்த ஊசி டப்பா, ஆறு பாபின், அதில் ஒன்றில் இன்னும் அரக்கு நூல் சுற்றியபடி. இரும்புக் கடைக்காரரிடம் வரச் சொல்லியிருந்தாராம் மாப்பிள்ளை, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மண்ணெண்ணெய்க்கு இப்போது ரேஷன் கார்டைத் தேடிக்கொண்டிருக்கிறாள். பெல்ட் மட்டும் இரண்டாக வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன், ஐப்பசி வருகிறது.